ரூட் செய்தலும் பூட்லோடர் திறத்தலும்: கைபேசி உத்தரவாதம் பற்றிய விளக்கம்

ரூட் செய்தல் என்பது, ஆண்ட்ராய்டு கைபேசியின் இயங்குதளத்தில் எல்லாக் கோப்புகளையும் மாற்றும் அதிகாரம் கொண்ட 'ரூட்' பயனரின் உரிமையைக் கைபேசிக்காரர் பெறுவதாகும். பூட்லோடர் திறத்தல் என்பது, தயாரிப்பு நிறுவனம் ஒப்பமிட்ட மென்பொருளை மட்டுமே ஏற்க வேண்டும் என்று கைபேசியில் போடப்பட்டிருக்கும் பூட்டை நீக்குவதாகும். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஆனால் ஒன்றல்ல. ஒன்றைச் செய்யாமலே மற்றொன்றைச் செய்ய முடியும். கைபேசியில் இவை விட்டுச்செல்லும் தடயங்களும் வேறு. அதனால், "இதைச் செய்தால் வாரண்டி போய்விடுமா?" என்ற கேள்விக்கு இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்குக் கிழக்கே உள்ள சங்கராபுரம் போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். அங்கீகாரம் பெற்ற சேவை மையங்கள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரிலோ அதைவிடப் பெரிய நகரங்களிலோதான் இருக்கும். மலைக் கிராமத்து மாணவர் ஒருவரின் கைபேசியே வீட்டின் ஒரே கைபேசியாகவும், வங்கி ஓடிபி வரும் எண்ணாகவும், உதவித்தொகை விண்ணப்பத்துக்கான கருவியாகவும் இருக்கக்கூடும். அது செயலிழந்தால் பழுதுபார்க்கும் செலவோடு பேருந்துச் செலவும், வேலையை விட்டுப் போகும் நாள்களும் சேர்ந்துகொள்ளும்.

சொற்குழப்பம்

கைபேசிக் கடைகளில் 'அன்லாக்' என்ற ஒரே சொல் பல வேலைகளைக் குறிக்கிறது. மறந்துபோன பேட்டர்னை அழிப்பதும் அன்லாக். வெளிநாட்டில் வாங்கிய கைபேசியில் உள்ளூர் சிம் வேலை செய்யும்படி மாற்றுவதும் அன்லாக். பூட்லோடரைத் திறப்பதும் அன்லாக். முதல் இரண்டுக்கும் பூட்லோடருக்கும் நேரடித் தொடர்பில்லை.

'சாப்ட்வேர் போடுதல்' என்பதும் அப்படியே. லோகோவிலேயே நின்றுவிடும் கைபேசிக்குக் கடைக்காரர் நிறுவனத்தின் அசல் மென்பொருளையே திரும்ப ஏற்றினால், அது ரூட்டும் அல்ல, பூட்லோடர் திறப்பும் அல்ல. அந்த மென்பொருளில் நிறுவனத்தின் ஒப்பம் இருப்பதால் பூட்டிய பூட்லோடரும் அதை ஏற்கும். எனவே உத்தரவாதக் காலத்தில் கைபேசியைக் கடையில் கொடுக்கும்போது, என்ன வேலை செய்யப்போகிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

கைபேசி விழிக்கும் வரிசை

பொத்தானை அழுத்தியதிலிருந்து முகப்புத்திரை தெரியும்வரை கைபேசியில் ஒரு சங்கிலி போல் வேலைகள் நடக்கின்றன. முதலில் சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்ட ஒரு சிறு நிரல் இயங்குகிறது. இதை யாராலும் மாற்ற முடியாது. அது பூட்லோடரைச் சோதித்து இயக்குகிறது. பூட்லோடர், லினக்ஸ் கெர்னல் அடங்கிய 'பூட்' பகுதியைச் சோதித்து இயக்குகிறது. கெர்னல் எழுந்த பிறகு ஆண்ட்ராய்டு அமைப்பும், அதன்மேல் செயலிகளும் எழுகின்றன.

இந்தச் சோதனை மின்னணுக் கையொப்பத்தின் அடிப்படையில் நடக்கிறது. ஒவ்வொரு படியும் தனக்கு அடுத்த படியில் நிறுவனத்தின் ஒப்பம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வழிவிடும். அமைப்புப் பகுதியில் ஒரு பைட் மாறினாலும் கண்டுபிடிக்கும் முறை ஆண்ட்ராய்டு 4.4இல் அறிமுகமானது, ஆண்ட்ராய்டு 7.0 முதல் அது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. இதற்குச் 'சரிபார்க்கப்பட்ட துவக்கம்' என்று பெயர். களவுபோன கைபேசியில் வேறு மென்பொருளை ஏற்றித் தரவைப் படிப்பதையும், வழியில் யாராவது உளவு மென்பொருளைப் புகுத்துவதையும் தடுப்பதே இதன் நோக்கம்.

பூட்லோடரைத் திறத்தல்

பூட்டைத் திறந்தால் பூட்லோடர் ஒப்பத்தை வற்புறுத்துவதை நிறுத்திவிடும். அதன்பின் மூன்றாம் தரப்பு இயங்குதளம், மாற்றியமைத்த கெர்னல், வேறு மீட்பு நிரல் என எதையும் ஏற்றலாம். ஆனால் திறப்பதால் மட்டும் கைபேசியில் எந்தப் புது அதிகாரமும் வந்துவிடாது. பழைய ஆண்ட்ராய்டே இயங்கும். செயலிகள் பழைய எல்லைக்குள்ளேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு, ஒவ்வொரு முறை கைபேசி தொடங்கும்போதும் சில விநாடிகள் வரும் எச்சரிக்கைத் திரைதான்.

அனுமதிக்கும் நிறுவனங்களின் கைபேசிகளில் வழிமுறை ஏறத்தாழ ஒன்றே. அமைப்புகளில் 'பில்டு எண்' என்பதை 7 முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் தோன்றும். அதில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்பதை இயக்கி, கணினியோடு இணைத்து, 'பாஸ்ட்பூட்' முறையில் கட்டளை கொடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் இதற்கு மேலும் நிபந்தனை வைக்கின்றன. ஷாவ்மி 2016 முதல் தன் கைபேசிகளைப் பூட்டிவருகிறது; அதன் கணக்கோடு கைபேசியை இணைத்து, பல மாடல்களில் 168 மணி நேரம், அதாவது 7 நாள், காத்திருந்த பிறகே திறக்க முடிந்தது. ஹுவாவே நிறுவனம் 2018இல் திறப்புக் குறியீடு வழங்குவதையே நிறுத்திவிட்டது.

திறக்கும் கணத்தில் கைபேசியில் உள்ள படம், தொடர்பு எண், செயலித் தரவு எல்லாம் அழியும். இது கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைக்கப்பட்ட பாதுகாப்பு. அப்படி அழியாவிட்டால், திருடிய ஒருவர் பூட்டைத் திறந்து உள்ளே இருப்பதைப் படிக்க வழி கிடைத்துவிடும்.

ரூட் செய்தல்

'ரூட்' என்ற பெயர் யுனிக்ஸ் இயங்குதளத்திலிருந்து வந்தது. அதில் பயனர் எண் 0 உள்ளவரே ரூட். அவரைத் தடுக்கும் விதி கிடையாது. ஆண்ட்ராய்டு லினக்ஸ் கெர்னலின் மீது கட்டப்பட்டதால் அதிலும் ரூட் உண்டு. ஆனால் கைபேசிக்காரருக்கு அந்த உரிமை தரப்படுவதில்லை. மேலும், ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பயனராக நடத்துகிறது. வங்கிச் செயலியின் கோப்பை விளையாட்டுச் செயலி படிக்க முடியாமல் இருப்பது இந்தப் பிரிவினையால்தான். ரூட் பெற்ற செயலிக்கு இந்தச் சுவர்கள் தடையில்லை.

முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான எச்டிசி ட்ரீம் 2008இல் வந்த சில வாரங்களிலேயே ரூட் செய்யப்பட்டது. அதில் ஒரு விந்தையான பிழை இருந்தது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும், அது பின்னணியில் ரூட் அதிகாரத்தோடு இயங்கிய கட்டளைச் சாளரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. செய்தி எழுதும்போது 'ரீபூட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் கைபேசி உண்மையிலேயே அணைந்து எழுந்தது. கூகுள் விரைவில் பிழையைத் திருத்தியது. ரூட் வேண்டியவர்களோ, பிழை உள்ள பழைய பதிப்புக்கே திரும்பினார்கள்.

இன்று பரவலாகப் பயன்படும் கருவி, ஜான் வூ என்ற நிரலர் 2016இல் வெளியிட்ட மேஜிஸ்க். இதற்கு முன்பிருந்த கருவிகள் பெரும்பாலும் அமைப்புப் பகுதியிலேயே கோப்புகளை எழுதின. மேஜிஸ்க் அமைப்புப் பகுதியைத் தொடாமல் 'பூட்' பகுதியை மட்டும் திருத்துகிறது. எந்தச் செயலி ரூட் உரிமை கேட்டாலும் திரையில் அனுமதி கேட்கும். கைபேசிக்காரர் இசைந்தால் மட்டுமே கொடுக்கும்.

இரண்டுக்கும் உள்ள உறவு

வீட்டின் வாசற்பூட்டையும் உள்ளறைச் சாவிக்கொத்தையும் போல இவற்றைக் கருதலாம். வாசலைத் திறந்து வைத்ததாலேயே உள்ளே இருக்கும் பெட்டிகள் திறந்துவிடுவதில்லை. ஆனால் சாவிக்கொத்தை எடுக்க வழக்கமாக வாசல் வழியாகத்தான் போக வேண்டும். நடைமுறையில் மூன்று நிலைகள் உண்டு.

1. திறந்த பூட்லோடர், ரூட் இல்லை: லினியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை நிறுவுவோர் பலர் இந்த நிலையில் இருக்கிறார்கள். அந்த இயங்குதளம் ரூட் உரிமையைத் தானாகத் தருவதில்லை.

2. திறந்த பூட்லோடர், ரூட் உண்டு: இன்றைய வழக்கமான ரூட் முறை இது. திருத்திய 'பூட்' பகுதியில் நிறுவனத்தின் ஒப்பம் இருக்காது. எனவே பூட்லோடரைத் திறந்தாலன்றி அதை ஏற்ற முடியாது.

3. பூட்டிய பூட்லோடர், ரூட் உண்டு: கெர்னலில் உள்ள பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்தி நுழையும் முறை. ஜார்ஜ் ஹாட்ஸ் 2014இல் வெளியிட்ட டவல்ரூட் செயலி இப்படி வேலை செய்தது. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், தரவு அழியாது. அந்த ஓட்டை லினக்ஸ் கெர்னலிலேயே இருந்ததால் அப்போதைய கைபேசிகள் பலவற்றில் அது பலித்தது. பாதுகாப்புத் திருத்தம் வந்த பிறகு இத்தகைய வழி அடைபடும்.

மூன்றாவது வகையில் ஒரு பேராபத்து உண்டு. கைபேசிக்காரர் தட்டும் பொத்தான் எந்த ஓட்டை வழியாக நுழைகிறதோ, அதே ஓட்டை வழியாகத் தீய செயலியும் நுழைய முடியும். 'ஒரே தட்டில் ரூட்' என்று பெயர் தெரியாத தளங்களில் கிடைக்கும் கோப்புகளை நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

தமிழ் எழுத்துக்காக ரூட்

ரூட் செய்தல் விளையாட்டுக்காகவோ வீம்புக்காகவோ மட்டும் தோன்றிய பழக்கம் அல்ல. தமிழ்ப் பயனர்களுக்கு அது ஒரு காலத்தில் படிப்பதற்கான வழியாக இருந்தது. ஆண்ட்ராய்டு 2 வரிசைக் கைபேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழ் இணையப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. எழுத்துருக் கோப்புகள் அமைப்புப் பகுதியில் இருப்பதால் ரூட் இல்லாமல் அங்கே புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. எனவே கைபேசியை ரூட் செய்து, தமிழ் சேர்த்த எழுத்துருவை அங்கே வைத்தார்கள்.

அப்போதும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. தமிழில் எகர, ஒகர உயிர்மெய்களின் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னே வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் நிரல் இயங்குதளத்தில் இல்லாதபோது, எழுத்துரு இருந்தும் கொம்பு தவறான இடத்தில் நின்றது. ரூட் செய்யத் தயங்கியவர்கள் ஓபரா மினி உலாவியில் ஒரு மறைவான அமைப்பை மாற்றினார்கள். அதன்பின் உலாவியின் வழங்கி, தமிழ் எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பியது. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0 தமிழ் எழுத்துருவோடு வெளியான பிறகு இந்தத் தேவை மெல்ல மறைந்தது.

இன்று மக்கள் சொல்லும் காரணங்கள் வேறு: அழிக்க முடியாதபடி நிறுவனம் திணித்த செயலிகளை நீக்குதல், புதுப்பிப்பு நின்றுபோன பழைய கைபேசிக்கு லினியேஜ்ஓஎஸ் மூலம் ஆயுள் நீட்டித்தல், முழுமையான காப்புப்படி எடுத்தல், விளம்பரம் தடுத்தல். இவற்றில் பழைய கைபேசிக்கு ஆயுள் நீட்டிக்கப் பூட்லோடர் திறத்தல் மட்டுமே போதும், ரூட் தேவையில்லை. திணித்த செயலிகளில் பலவற்றைக் கணினி வழியாக ஏடிபி கட்டளை கொடுத்து அந்தப் பயனருக்கு மட்டும் நீக்கிவைக்கலாம். அதற்கு இரண்டுமே தேவையில்லை.

2014: இந்தியச் சந்தையில் ஒரு திருப்பம்

இந்தியாவில் இந்தப் பேச்சு பொதுமக்கள் அளவில் எழுந்தது 2014 இறுதியில். சயனோஜன் இயங்குதளத்தோடு ஒன்பிளஸ் ஒன் கைபேசி டிசம்பரில் இங்கே விற்பனைக்கு வந்தது. அதே மாதம் மைக்ரோமேக்ஸின் துணை நிறுவனமான யூ, யுரேகா என்ற கைபேசியை 8,999 ரூபாய்க்கு அறிவித்தது. இந்தியாவில் சயனோஜனைப் பயன்படுத்தும் தனி உரிமை தனக்கே என்று மைக்ரோமேக்ஸ் வழக்குத் தொடர, டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்பிளஸ் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது; சில நாள்களில் அத்தடை நீக்கப்பட்டது.

உத்தரவாதம் பற்றிய கதைக்கு இதில் முக்கியமான செய்தி வேறு. ரூட் செய்ததற்காக மட்டும் உத்தரவாதத்தை மறுப்பதில்லை என்று இவ்விரு நிறுவனங்களும் அப்போது சொல்லின. அதே காலத்தில் மோட்டோரோலா தன் தளத்தில் திறப்புக் குறியீடு வழங்கிக்கொண்டே, அதைப் பெற்ற கைபேசிக்கு உத்தரவாதம் இனி இல்லை என்ற எச்சரிக்கையையும் வைத்திருந்தது. அதாவது திறக்க அனுமதிப்பது ஒன்று, திறந்த பின்னும் உத்தரவாதத்தைத் தொடர்வது வேறொன்று. 'நிறுவனமே குறியீடு தந்ததே, பிறகெப்படி மறுக்கலாம்' என்று நினைத்தவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள்.

உத்தரவாதம் எதைக் காக்கிறது

கைபேசிகளுக்கு இந்தியாவில் வழக்கமாகக் கருவிக்கு 1 ஆண்டும், கூட வரும் துணைக்கருவிகளுக்குப் பெரும்பாலும் 6 மாதமும் உத்தரவாதம் தரப்படுகிறது. இது உற்பத்தியில் நேர்ந்த குறையை இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிறுவனம் கொடுக்கும் எழுத்து வாக்கு. கீழே விழுந்து திரை உடைவது, தண்ணீர் புகுவது ஆகியவற்றோடு, 'அனுமதியற்ற மென்பொருள் மாற்றம்' என்பதும் விலக்குப் பட்டியலில் பெரும்பாலும் இருக்கும்.

இந்த விலக்கின் சொற்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். 'அனுமதியற்ற மாற்றத்தால் ஏற்பட்ட பழுது உத்தரவாதத்தில் சேராது' என்பது ஒரு வகை. இதில் பழுதுக்குக் காரணம் எது என்பதே கேள்வி. 'அனுமதியற்ற மாற்றம் செய்தால் உத்தரவாதம் முடிவுக்கு வரும்' என்பது மற்றொரு வகை. இதில் காரணம் பார்க்கப்படுவதில்லை. மாற்றம் நடந்ததா என்பது மட்டுமே கேள்வி.

முதல் வகையில், ரூட் செய்த கைபேசியின் சார்ஜர் துளை தளர்ந்துபோனால் அதை மறுக்க வலுவான காரணம் இல்லை. மென்பொருள் மாற்றம் துளையைத் தளர்த்தாது. மாறாக, செயலியின் வேக வரம்பை உயர்த்தும் கெர்னலை ஏற்றியதால் கைபேசி சூடேறி மின்பலகை கெட்டிருந்தால், மறுப்பதில் நியாயம் உண்டு. இடைப்பட்ட நிலைகளும் உள்ளன. மின்கலம் விரைவாகத் தேய்வதற்கும் சேமிப்பகம் பழுதாவதற்கும் எது காரணம் என்று சொல்வது எளிதல்ல. தகராறு பெரும்பாலும் இங்கேதான் எழும்.

தடயங்கள்

ரூட் ஒரு மென்பொருள் மாற்றம். அசல் மென்பொருளை முழுவதும் மீண்டும் ஏற்றினால் அது நீங்கிவிடும். பூட்லோடரையும் பல கைபேசிகளில் மீண்டும் பூட்டலாம். ஆனால் திறப்புக் குறியீட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து பெற்றிருந்தால், அந்தக் கைபேசிக்குக் குறியீடு வழங்கிய பதிவு நிறுவனத்திடம் இருக்கும்.

சில கைபேசிகளில் தடயம் வன்பொருளிலேயே விழுகிறது. சாம்சங் 2013 முதல் தன் நாக்ஸ் பாதுகாப்பு அமைப்பில் ஒரு மின்னணு உருகியை வைத்திருக்கிறது. ஒப்பமில்லாத மென்பொருள் ஏறியதும் அது எரிந்து, மதிப்பு 0இலிருந்து 1 ஆகிவிடும். வீட்டு மின்பெட்டியில் எரிந்த ப்யூஸ் கம்பியை மாற்றலாம். சில்லுக்குள் இருக்கும் இதை மாற்ற முடியாது. அசல் மென்பொருளுக்குத் திரும்பினாலும் அந்த 1 அப்படியே இருக்கும். பாதுகாப்பான கோப்புறை, சாம்சங் பே போன்ற வசதிகள் அந்தக் கைபேசியில் மீண்டும் வேலை செய்யாது. பழைய சோனி எக்ஸ்பீரியா கைபேசிகளிலும் திறக்கும்போது சில சாவிகள் அழிந்து, கேமராவின் படத்தரம் குறைந்தது.

சட்டம் என்ன சொல்கிறது

தன் சொந்தக் கைபேசியை ரூட் செய்வதையோ அதன் பூட்லோடரைத் திறப்பதையோ குற்றமாக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது குற்றம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. ரூட் இருந்தால் இதைச் செய்ய வழி உண்டு என்பதால் இரண்டையும் சிலர் ஒன்றாக நினைக்கிறார்கள்.

உத்தரவாத மறுப்பு பற்றிய தகராறு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். இதில் கைபேசிக்காரருக்குப் பயன்படும் கூறுகள் சில:

- புகார்தாரர் தான் வசிக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்கிடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் நகருக்குப் போக வேண்டியதில்லை.
- கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இணைய வழியாகவும் புகார் அளிக்கலாம்.
- பொருளில் உள்ள குறையைப் பரிசோதனையின்றி முடிவு செய்ய முடியாதபோது, ஆணையம் அதைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 'ரூட் செய்ததால்தான் கெட்டது' என்ற வாதத்தைச் சோதிக்க இது உதவும்.
- புகாருக்குக் காரணமான நிகழ்விலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும்.

அதே சட்டத்தில் எதிர்த்திசையில் நிற்கும் ஒரு பிரிவும் உண்டு. பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தபோது அந்தப் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால், விற்றவர் மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடர முடியாது என்று 87ஆம் பிரிவு கூறுகிறது. மின்கலம் வெடித்துக் காயம்பட்டவர் இழப்பீடு கேட்கும்போது, கைபேசி மாற்றப்பட்டிருந்தது என்ற வாதம் எழக்கூடும்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்–மாஸ் உத்தரவாதச் சட்டம் இந்தத் துறையில் அடிக்கடி சுட்டப்படுகிறது. நிறுவனத்தின் சொந்த உதிரிப்பாகத்தையோ சேவையையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவாதத்துக்கு நிபந்தனை வைப்பதை அது கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பாவில், ரூட் செய்தல் சட்டப்படியான நுகர்வோர் உத்தரவாதத்தை அழிக்காது என்ற சட்ட ஆய்வைக் கட்டற்ற மென்பொருளுக்கான ஐரோப்பிய அறக்கட்டளை 2012இல் வெளியிட்டது. இந்தியாவில் இவற்றுக்கு நேரான தனிச் சட்டம் இல்லை. இங்கே உத்தரவாத அட்டையின் சொற்களும், பழுதின் காரணமுமே முதலில் எடைபோடப்படும்.

உத்தரவாதத்தைவிடப் பெரிய இழப்புகள்

ஓராண்டு முடிந்த கைபேசிக்கு உத்தரவாதக் கவலை இல்லை. ஆனால் வேறு கவலைகள் அப்போதும் உண்டு.

பணச் செயலிகள்: பல வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் கைபேசியின் நிலையைச் சோதிக்கின்றன. ரூட் இருந்தால் மட்டுமல்ல, பூட்லோடர் திறந்திருந்தாலே கூகுளின் சோதனையில் கைபேசி தோற்கலாம். இந்தச் சோதனையை ஏமாற்றும் உத்திகள் இன்று பலித்து, அடுத்த புதுப்பிப்பில் தோற்கும். கூலியும் உதவித்தொகையும் வங்கிக் கணக்குக்கே வரும் வீட்டில், ஒரே கைபேசியை வைத்து இதைப் பரிசோதிப்பது தகாது.

காணொளித் தரம்: சில கைபேசிகளில் பூட்லோடர் திறந்தால் உரிமப் பாதுகாப்பு நிலை குறைந்து, ஓடிடி தளங்களில் உயர்தரக் காணொளி தெரியாது.

முடக்கம்: தவறான கோப்பை ஏற்றினால் கைபேசி லோகோவிலேயே நிற்கலாம். இது மென்முடக்கம், அசல் மென்பொருளால் பெரும்பாலும் மீட்கலாம். சார்ஜர் செருகினாலும் அசையாத நிலை வன்முடக்கம். 2018இல் இந்தியாவில் பரவலாக விற்ற ரெட்மி நோட் 5 ப்ரோவில், பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் பாதுகாப்பு ஒரு புதுப்பிப்பின் வழியே வந்தது. அதை அறியாமல் வழக்கம்போல் பழைய மென்பொருளை ஏற்றியவர்களின் கைபேசிகள் வன்முடக்கம் அடைந்தன. நேற்றுவரை சரியாக இருந்த வழிமுறை இன்று கைபேசியைக் கொன்றுவிடும் என்பதற்கு இது சான்று.

மீண்டும் பூட்டும்போது வரும் விபத்து: உத்தரவாதத்துக்காகக் கைபேசியை அவசரமாக மீண்டும் பூட்டுவோர் பலர். உள்ளே மாற்றிய மென்பொருள் இருக்கும்போது பூட்டினால், பூட்லோடர் அதை ஏற்க மறுத்துக் கைபேசி எழாமலே போகலாம். முழு அசல் மென்பொருளையும் ஏற்றி, ஒருமுறை சரியாகத் தொடங்குகிறதா என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும். பூட்டும்போதும் தரவு அழியும்.

முடிவெடுக்கும் முன்

செய்ய விரும்புவோர் முதலில் தேவையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏடிபி கட்டளையால் முடிகிற வேலையா, பூட்லோடர் திறத்தல் போதுமா, ரூட்டே வேண்டுமா என்பதற்கு விடை கண்டால், தேவைக்கு மேல் ஆபத்தை ஏற்க வேண்டியிருக்காது. பிறகு கவனிக்க வேண்டியவை:

- உத்தரவாத அட்டையின் விலக்குப் பகுதியைப் படித்து, அது மேற்சொன்ன இரு வகைகளில் எது என்று பார்த்தல்.
- *#06# தட்டி வரும் ஐஎம்இஐ எண்ணையும் கடை ரசீதையும் பத்திரப்படுத்துதல்.
- மாடல் எண்ணுக்குச் சரியாகப் பொருந்தும் அசல் மென்பொருளை முன்னதாகவே கணினியில் இறக்கிவைத்தல். ஒரே பெயரில் விற்கும் கைபேசிகளுக்கும் மாடல் எண் வேறுபடலாம்.
- படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் படியெடுத்தல்.
- மின்கலத்தை நன்றாகச் சார்ஜ் செய்துகொள்ளுதல். கணினியில் மின்தடையால் இடையில் நின்ற ஏற்றமும் முடக்கத்தில் முடியலாம்.

சேவை மையம் உத்தரவாதத்தை மறுத்தால், மறுப்புக்கான காரணத்தை வேலைச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். 'ரூட் செய்யப்பட்டுள்ளது' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த மாற்றம் இந்தப் பழுதை எப்படி உண்டாக்கியது என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. அடுத்த கட்டத்தில் எழுப்ப வேண்டிய கேள்வி அதுவே. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி, பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையத்தை நாடலாம். ரூட் செய்ததை மறைத்துப் பொய் சொல்வது இந்த வழி முழுவதையும் பலவீனமாக்கும். உருகியிலோ நிறுவனத்தின் பதிவிலோ இருக்கும் தடயம் வெளிப்பட்டால், சார்ஜர் துளை பற்றிய நியாயமான புகாரும் நம்பிக்கை இழந்துவிடும்.